மேல்வீட்டுச் சாவிக்கு ஒரு சோடி குருகு

மஷூர்: எட்டுக் கோடி.

எட்வேட்: ஒரு குருகுக்கா?

மஷூர்: சோடிக்கு. ஒன்டு மட்டும் வேணும்ன்டா நாலு.

எட்வேட்: மஷூர் நானா, நான் குருகை விலைக்குக் கேக்கேல்ல...

மஷூர்: நீ கேக்காட்டியும் விலை விலைதான். கொலன்னாவையில எனக்கு ஒரு ஏக்கர் தண்ணிக்காணி. மண் போட்டு நிரப்பித் தந்தா எட்டுக் கோடின்டு கொன்டெய்னர் யார்ட்காரன் நிக்கான். நிரப்பாதன்டு நீ நிக்காய். ஏன்? உள்ளுக்கு ரெண்டு குருகு கூடு கட்டியீக்காம். அப்ப தலைக்கு நாலு கோடி. எந்தக் கோழிக்கடையில இந்த விலை ஈக்கு?

எட்வேட்: கோழியோட சேக்காதீங்க. இது கருங்குருகு. வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுகொண்டு போற சாதி. தண்ணி நிக்கிற காணியெல்லாம் மூடினா அது எங்க போறது?

மஷூர்: கொட்டாஞ்சேனைக்கு வரட்டும். என்ட மேல்வீட்டில ஏற்கெனவே ஒரு குருகு ஈக்குத்தானே. நாப்பத்தஞ்சு வருஷம். எழும்பவே மாட்டன்னுது.

எட்வேட்: தொடங்கிட்டீங்க...

மஷூர்: முதலாம் தேதி படியேறினா தொடங்கத்தானே வேணும்? கீழ இரும்புக்கடை என்ட. மேல வீடு என்ட. உள்ள ஈக்கிறது நீ. வாப்பா காலத்தில நூத்தி இருவது ரூபாக்கு வந்தாய். இன்டைக்கும் அதே நூத்தி இருவது. இப்ப அந்தக் காசுக்கு ஒரு ரோல்ஸ் வரும். அதுவும் மரக்கறி ரோல்ஸ்.

எட்வேட்: பழைய வாடகை ஆளை எழுப்ப ஏலாதெண்டு சட்டம் இருக்கு நானா.

மஷூர்: அதைத்தானே செல்றன்! ஒனக்கு ஒரு சட்டம். இப்ப குருகுக்கும் ஒன்டு கொண்டு வந்தீக்காய்.

எட்வேட்: ஐயோ, இது சட்டமில்ல. விருப்பம்! மகள் டில்ஷானிட பறவைச் சங்க ஆக்கள் ஒருத்தரையும் கட்டாயப்படுத்த மாட்டினம். காணி உங்கட பேர்லயே இருக்கும். அஞ்சு வருஷம் நிரப்ப மாட்டன் எண்டு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். ஊர்க்குப்பை கொட்டாம வேலி, தண்ணியை மூடுற களை எடுக்கிறது, போர்ட் அடிக்கிறது... எல்லாம் அவங்கட செலவு.

மஷூர்: ஒன்ட மகள் நல்ல வியாபாரி. சரி, பொறகு எனக்கு மனம் மாறினா?

எட்வேட்: எப்ப வேணுமெண்டாலும் விலகலாம்.

மஷூர்: எப்ப வேணும்ன்டாலுமா?

எட்வேட்: ஓம்.

மஷூர்: பாத்தியா, குருகு ஒன்னை விட நல்ல குடித்தனக்காரன்.

எட்வேட்: அப்ப கையெழுத்து வையுங்க.

மஷூர்: பொறு... அந்தப் பெட்டியெல்லாம் என்னத்துக்குக் கட்டி வச்சீக்காய்?

எட்வேட்: எதை? அதா? புத்தகம். கறையான் பிடிச்சிட்டுது. வெயிலுக்குப் போட...

மஷூர்: அந்த மூலையில ஒரு அலுமாரி நிண்டிச்சே?

எட்வேட்: அதுவும்... கறையான்.

மஷூர்: இரும்பு அலுமாரிக்கா?

எட்வேட்: ...துருவெண்டு சொல்ல வந்தன். கதையை மாத்தாதீங்க. உங்களுக்கு அந்தப் பறவையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, அதுதான் இரக்கமில்ல.

மஷூர்: ஏன் தெரியாம? ஆள் அரவம் கேட்டா கழுத்தை மேல நீட்டிட்டு, புல்லோட புல்லா அசையாம நிக்கும். தன்னை ஒருத்தருக்கும் தெரியாதுன்டு அதுட நினைப்பு. முதலாம் தேதி நீ கதவுக்குப் பின்னால நிக்கிற மாதிரியே.

எட்வேட்: அது... அது சரிதான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்? சப்பாத்தில சேறு படுமெண்டு காணிப் பக்கமே போக மாட்டீங்களே.

மஷூர்: டீவில பாத்தன்.

எட்வேட்: உங்கட டீவி பழுதெண்டு நேத்து கிரிக்கெட் பாக்க இஞ்சதானே வந்து இருந்தீங்க?

மஷூர்: பழுதாக முந்திப் பாத்தன்! ஹார்பரில கப்பல் சாமான் எண்ணின கிளாக்கர் நீ. பென்சன் எடுத்தும் கேள்வி நிக்குதில்ல. அங்க மூட்டை எண்ணினாய், இப்ப மகளோட திரிஞ்சு பறவை எண்றாய்.

எட்வேட்: மூட்டை முட்டை இடாது நானா. கூட்டில இப்ப மூண்டு முட்டை. நான் தூரக்கண்ணாடியால பாத்தனான். தாய் எழும்பிக் காலை மாத்தின நேரம் ஒரு கணம்தான் தெரிஞ்சுது... வெள்ளையா. எனக்கு விசிலடிக்க வேணும் போல இருந்தது. டில்ஷானி வாயைப் பொத்திட்டாள்.

மஷூர்: நல்ல வேலை செஞ்சா. ஆனா திங்கக்கிழம லொறி வருது.

எட்வேட்: என்ன லொறி?

மஷூர்: லொறின்டா லொறிதான்.

எட்வேட்: மண் லொறியா? நானா... பத்து நாள் பொறுங்க. குஞ்சு பொரிக்கட்டும்.

மஷூர்: வியாபாரம் குஞ்சு பொரிக்கிறவரைக்கும் பாத்துட்டு ஈக்குமா?

எட்வேட்: சரி. நானும் வியாபாரமே கதைக்கிறன். சாவி.

மஷூர்: என்ன சாவி?

எட்வேட்: இந்த வீட்டுச் சாவி. நீங்க அந்தக் காணியை நிரப்பாம விடுங்க. வாற மாசம் முடிய முதல் வீட்டைக் கூட்டிக் கழுவி, சாவியை உங்கட கையில தாறன். வழக்கில்ல, வக்கீல் இல்ல.

மஷூர்: கூட.

எட்வேட்: என்ன கூட?

மஷூர்: விலை கூட. ரெண்டு குருகுக்கு ஒரு முழு வீடா? குறைச்சுச் செல்லு.

எட்வேட்: குடுக்கிறவன் நான். வாங்கிறவர் நீங்க. குறைச்சுத் தா எண்டு வாங்கிறவர் கெஞ்சினதை இந்தத் தெரு கண்டிருக்கா?

மஷூர்: குசினிய மட்டும் தா.

எட்வேட்: குசினியை வச்சு என்ன செய்வீங்க?

மஷூர்: சரி, பல்கனி. சாரம் காயப்போடுவன்.

எட்வேட்: முழு வீடு. அதுக்குக் குறைய இல்ல.

மஷூர்: பாதிப் பல்கனி!

டில்ஷானி: சந்தியிலயே கேக்குது உங்கட சத்தம். தள்ளுங்க அங்கிள், ரோல்ஸ் கொண்டந்தனான், சூடு... என்ன டடா, வேர்த்துப்போய் நிக்கிறீங்க?

எட்வேட்: நீயே கேள் பிள்ளை. நாப்பத்தஞ்சு வருஷமா எழும்பு எழும்பு எண்டவர், இப்ப எழும்புறன் எண்டா பாதிப் பல்கனி கேக்கிறார்!

மஷூர்: ஒன்ட வாப்பாக்கு வியாபாரம் தெரியாது மகள்.

டில்ஷானி: பொறுங்க... டடா வீட்டைத் தாறாரா? குருகுக்காகவா?

எட்வேட்: ஓம். என்ன சிரிக்கிறாய்?

டில்ஷானி: எனக்கு ஏலாது. ரெண்டு கிழவன்களும் என்னட்ட ஆளுக்கொரு சத்தியம் வாங்கி வச்சிருக்கிறீங்க. ரெண்டையும் இண்டைக்கு உடைக்கப் போறன்.

மஷூர்: மகள்...

எட்வேட்: டில்ஷானி...

டில்ஷானி: டடா, அங்கிள் போன மாசமே கையெழுத்து வச்சிட்டார்.

எட்வேட்: என்னத்துக்கு?

டில்ஷானி: குருகுக்கு! நான் காணியைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போனனான். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, முழங்கால் மட்டும் சேத்தில இறங்கிட்டார். குருகு கழுத்தை நீட்டி நிண்டுது. இவரும் கழுத்தை நீட்டி நிண்டார். ஆர் முதல் அசையிறதெண்டு ரெண்டு பேருக்கும் போட்டி. திரும்பி வந்து, பேனை எங்க எண்டார்.

மஷூர்: சப்பாத்து ஒன்டு இன்னும் அங்கதான் ஈக்கு.

எட்வேட்: அப்ப... டீவி! டீவில பாத்தாராம்! அப்ப திங்கக்கிழமை லொறி?

டில்ஷானி: வேலிக் கட்டை ஏத்தி வாற லொறி, டடா.

எட்வேட்: அடப் பாவி மனுசா! ஏற்கெனவே குடுத்து முடிஞ்ச சாமானுக்கு என்னட்ட விலை பேசினீங்களா?

மஷூர்: நான் பேசினனா? எட்டுக் கோடின்டன். சாவியத் தூக்கி நடுவுல போட்டது நீ.

எட்வேட்: ஏமாத்து! சுத்த ஏமாத்து!

டில்ஷானி: டடா, கொஞ்சம் இருங்க. நீங்க பேசின சாவியும் ஏற்கெனவே குடுக்க இருந்த சாமான்தானே? வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டில உங்களுக்கு அறை ஒதுக்கி எத்தினை நாள்? கட்டிலும் போயிட்டுது, அலுமாரியும் போயிட்டுது...

எட்வேட்: ...முழங்கால், நானா. படியேற ஏலாது. அங்க லிஃப்ட் இருக்கு.

மஷூர்: ம்.

எட்வேட்: சொல்லத்தான் இருந்தனான். ஒவ்வொரு நாளும் கடைக்கு இறங்கி வருவன்... உங்கட முகத்தைப் பாத்தா வாய் வராது. ரீ குடிச்சிட்டு ஏறிடுவன்.

மஷூர்: தெரியும்.

எட்வேட்: என்ன தெரியும்?

மஷூர்: எட்வேட், ஒன்ட இரும்பு அலுமாரி என்ட கடை வாசலாலதான் இறங்கிச்சு. திரீவீலில வச்சுக் கட்டக் கயிறு இல்லாம நிண்டான் பொடியன். கயிறு குடுத்தது ஆரு? நான். நல்ல நைலோன் கயிறு.

எட்வேட்: தெரிஞ்சுகொண்டா இவ்வளவு நேரமும்...

மஷூர்: எப்ப வாயைத் திறப்பாய்ன்டு பாத்தன். திறந்தாய். அதையும் விலைக்குத் திறந்தாய்! சும்மா வரப்போற சாவிய, ஒரு சோடி குருகுக்கு வித்தீக்காய். நாப்பத்தஞ்சு வருஷம் என்ட மேல ஈந்ததுக்கு ஏதோ கொஞ்சம் படிச்சீக்காய்.

டில்ஷானி: அங்கிள் வச்ச நிபந்தனையை நீங்களே சொல்லுங்க, இல்லாட்டி அதையும் நானே உடைப்பன்.

எட்வேட்: என்ன நிபந்தனை?

மஷூர்: அது ஒன்டுமில்ல...

டில்ஷானி: மாசம் ஒருக்கா ஒரு ஆள் போய்ப் பறவை எண்ண வேணும் டடா. அந்த ஆள் எட்வேட்டா இருக்க வேணுமாம். முதலாம் தேதி. நீங்க வராட்டி அந்த மாசமே அவர் விலகிடுவாராம்.

எட்வேட்: விலகுறதா? எண்ட குருகுகளை வச்சு என்னை மிரட்டுறீங்களா?

மஷூர்: விருப்பம்தானே? எப்ப வேணும்ன்டாலும் விலகலாம்ன்டு நீதானே செல்லினாய். அதுவும் ரெண்டு தரம் கேட்டு வச்சுக்கொண்டன்.

எட்வேட்: இந்த முழங்காலோட கொலன்னாவைக்கு எப்பிடி வாறது?

மஷூர்: கார் வரும். நானும் வருவன்.

எட்வேட்: அங்கயும் சண்டை பிடிப்பீங்களா?

மஷூர்: பின்ன? மெதுவாப் பிடிப்பம். முட்டை ஈக்குத்தானே.

எட்வேட்: அப்ப வாறன்... இந்தாங்க சாவி. டில்ஷானி, மேசையில எண்ட பேர்சை எடு. இந்த மாச வாடகையையும் குடுத்துக் கணக்கை முடிப்பம்.

மஷூர்: வை பேர்ச! கணக்கு நான் செல்றன். வரவு: குருகு ரெண்டு, முட்டை மூண்டு, சாவி ஒன்டு. செலவு: எட்டுக் கோடி, சப்பாத்து ஒன்டு, நைலோன் கயிறு ஒரு துண்டு. பாக்கி: எட்வேட்ட வாடகை நூத்தி இருவது. அதை இப்ப தராத... தந்தா கணக்கு முடிஞ்சிரும். வாற முதலாம் தேதி, கொலன்னாவைக்குக் கொண்டு வா.