ருவான்வெல்லை இறப்பர் மலையில் படம் பிடித்த ஓடெத் வெர்னோ அம்மையாருக்கு

கையுறை தைத்த கைகளால் காட்சிகளைத் தைத்தவரே! பிரெஞ்சு மண்ணில் பிறந்து, எங்கள் இறப்பர்ப் பால்வெட்டு மலையில் பதின்மூன்று ஆண்டுகள் படம் பிடித்தவரே! மழையிலும் அட்டைக்கடியிலும் மனம் தளராத மாதரசியே! எங்கள் டைரக்டரம்மா, திருமதி ஓடெத் வெர்னோ அவர்களே!

திரைப்பட இயக்கத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பும் தங்களுக்கு, இந்த 2007ஆம் ஆண்டின் ஆவணி மாதத்தில், ருவான்வெல்லைக் கடைத்தெருவின் இந்த மாடி மண்டபத்தில் கூடியிருக்கும் தங்கள் படக்குழுவினராகிய நாங்கள், நெஞ்சு நிறைந்த வணக்கத்தையும் நெகிழ்ந்த வாழ்த்தையும் சொல்லி மகிழ்கின்றோம்!

தங்களது வாழ்க்கையை இச்சபையில் பலர் அறியமாட்டார்கள். அதைச் சொல்லாமல் பாராட்டை மட்டும் படிப்பது பந்தியில் இலையை மட்டும் போட்டதாகிவிடும் என்பதால், முதலில் அதைச் சொல்கின்றோம். பிரான்சின் தெற்கே தோல் பதனிடும் சிறிய ஊரொன்றில் பிறந்தீர்கள். பள்ளிப் படிப்பு பாதியில் நிற்க, பதினாறு வயதில் கையுறைத் தொழிற்சாலையில் ஊசி பிடித்தீர்கள். பரிஸ் நகரிலே படச்சுருள்களை வெட்டி ஒட்டும் கூடமொன்றுக்குக் கைநுணுக்கமுள்ள பெண்கள் தேவை என்று கேள்விப்பட்டு, ஒற்றைப் பெட்டியோடு ரயிலேறினீர்கள். பிறர் எடுத்த படங்களைப் பல்லாண்டுகள் வெட்டி ஒட்டியபின், தங்களோடு கையுறை தைத்த பெண்களைப் பற்றித் தாங்களே ஒரு படம் எடுத்தீர்கள். ஊர் மெச்சியது, உலகம் மெச்சியது! இரண்டாவது படமோ வாயிற்காவலரைத் தவிர வேறெவரும் பார்க்காத படம் என்று தாங்களே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அதன்பின் தங்களை அழைத்துப் படம் கொடுப்பார் இல்லை. சவர்க்கார விளம்பரங்கள் எடுத்துக் காலம் கழித்தீர்கள்.

அந்நிலையில்தான் 1994இல், தோட்டத்துரை ஒருவரின் காதல் கதையைத் தொலைக்காட்சிக்கு எடுத்துக் கொடுக்கும் கூலி இயக்குநராக எங்கள் தோட்டத்துக்கு வந்தீர்கள். தோட்டப் பள்ளி ஆசிரியனாகிய நான், பழனியாண்டி, தங்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக அமர்த்தப்பட்டேன். பால்வாளி ஏந்திய எங்கள் பெண்களை வரிசையாக நடக்கச் சொன்னார்கள். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, கெமராவைப் பார்க்கக்கூடாது என்பது தயாரிப்பாளரின் கட்டளை. வெள்ளைக் காற்சட்டை போட்ட கதாநாயகன் கம்பீரமாக இறங்கி வந்தார். வந்தவர் சேற்றில் சறுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே கீழே போனார். வரிசையில் நின்ற வெள்ளையம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

தயாரிப்பாளர் கத்தினார். வெள்ளையம்மா அசையவில்லை.

"தொர சறுக்கி விழுந்தா சிரிப்பு வராதுங்களா? நாங்க என்ன மரமா?"

என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டீர்கள். வம்பு வேண்டாமென்று, "மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன். தாங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "மன்னிப்புக் கேட்கும் முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. உள்ளதைச் சொல்லுங்கள்" என்றீர்கள். உள்ளதைச் சொன்னேன். தாங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் படத்தில் வைத்தே தீருவேன் என்று தயாரிப்பாளரோடு வாதாடித் தோற்று, ஒப்பந்தத்துக்காக மிச்சப் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

போனவர் திரும்பி வருவார் என்று எவர் நினைத்தார்! மறுவருடம் பங்குனியில், ருவான்வெல்லை பஸ்ஸிலிருந்து ஒரு கெமராவும் இரண்டு பெட்டிகளுமாக இறங்கினீர்கள். நேரே வெள்ளையம்மாவின் லயத்து வீட்டு வாசலுக்குப் போய், படத்தில் நடிக்க வருகிறீர்களா என்று கேட்டீர்கள்.

"இந்தத் தடவ பேசலாமுங்களா?" என்றார் வெள்ளையம்மா.

அதற்குள் தாங்கள் பாடமாக்கி வைத்திருந்த முதல் தமிழ்ச் சொல்லால் பதில் சொன்னீர்கள். "பேசணும்."

அன்று தொடங்கியது நம் பயணம்! தோட்டத்து மின்வேலை பார்த்த கிருஷ்ணராஜ் விளக்குகளுக்குப் பொறுப்பானார். கடைத்தெருவில் வேன் ஓட்டிய மர்சூக் நானா நம் சாரதியும் சமையற்காரரும் சிங்களத்தில் வாதாடும் வக்கீலும் ஆனார். உரையாடல் எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் எழுதிய நீண்ட வசனங்களை வெள்ளையம்மா படித்துப் பார்த்து, "இப்புடி யாரு சார் பேசுறாங்க?" என்று கேட்பார். அதில் தாங்கள் எப்போதும் அவர் பக்கம்தான். அந்தக் காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அம்மா!

இனிச் சொல்லப்போவதை இச்சபையில் சொல்ல வேண்டாமென்று நேற்றுத் தடுத்தீர்கள். இந்த ஒருமுறை தங்கள் பேச்சை மீறுகின்றோம்.

1998ஆம் ஆண்டு. நம் முதற்படம் முடிந்து, பிரான்சில் ஒரு பெரிய திரைப்பட விழாவுக்குத் தெரிவாகியிருந்தது. இரண்டாவது படத்துக்காக எடுத்த சில சுருள்களைக் கொழும்பில் கழுவிப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். சாமான்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, அன்று மாலையே தாங்கள் விமானநிலையம் போகவேண்டும். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் வேனை நிறுத்தினார்கள். பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே சுருட்டிய வயர்கள், பெட்டரிகள், சுவிட்சுகள், மணிக்கூடு ஒன்று. பக்கத்தில் தமிழ் இளைஞன் ஒருவன். குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அதற்குமேல் என்ன வேண்டும்? கிருஷ்ணராஜைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார்கள். அப்படி உள்ளே போய்த் திரும்பி வராதவர்களை நாங்கள் அறிவோம்.

பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். வெள்ளைக்காரப் பெண்மணி போகலாம், எந்தத் தடையும் இல்லை என்றார். தாங்கள் அவர் மேசைக்கு முன்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்து, தோட்டத்துத் தமிழிலே சொன்னீர்கள்.

"அவரு வராம நான் போவ மாட்டேங்க."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தாங்கள் சிங்களம் அறியீர்கள். மர்சூக் நானா நடுவில் நின்று வியர்வையைத் துடைத்துத் துடைத்து மொழிபெயர்த்தார். "விமானத்துக்கு நேரமாகுது அம்மா" என்று அவர் காதோடு சொன்னபோது, "விமானம் பிந்திருச்சு" என்றீர்கள். நாங்கள் நம்பினோம்.

மறுநாள் காலையும் அதே வாங்கில் இருந்தீர்கள். வயர்கள் எதற்கென்று அதிகாரி மீண்டும் கேட்டார். "சொன்னால் நம்பமாட்டீர்கள், காட்டுகிறேன். ஆனால் இதையெல்லாம் பொருத்த கிருஷ்ணராஜுக்குத்தான் தெரியும்" என்றீர்கள். அதிகாரி அவரை அழைத்துவரச் சொன்னார். கிருஷ்ணராஜ் வந்தார். சட்டையின் தோள் கிழிந்திருந்தது. இரண்டு பொலிஸ்காரர் துவக்கோடு பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு வயராக எடுத்துப் பொருத்தினார். ஒரு பொலிஸ்காரர் கதவுக்கு வெளியேயே போய்விட்டார். கிருஷ்ணராஜ் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது! சன்னல்களைச் சாக்கால் மறைத்துவிட்டு, வேனிலிருந்த படங்காட்டும் கருவியில் கழுவி வந்த சுருளை மாட்டிப் பொலிஸ் நிலையச் சுவரில் ஓட்டினீர்கள்.

சுவரில் வெள்ளையம்மா தெரிந்தார். பால்வெட்டும் கத்தியைத் தொலைத்துவிட்டு வந்த புருஷனை வாசலில் நிறுத்தித் திட்டிக்கொண்டிருந்தார். சுருளில் சத்தம் இல்லை. அந்தத் திட்டுகளைப் படத்தில் வரும் வேகத்துக்கே சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார் மர்சூக் நானா. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வெளியே போனவரும் உள்ளே வந்துவிட்டார். "மே அம்மா அபே கெதர அம்மா வகே" என்றார் அதிகாரி. எங்கள் வீட்டு அம்மாவைப் போலவே இருக்கிறார் இந்த அம்மா, என்று.

உடனே விட்டுவிடவில்லை. மேலிடத்து அனுமதி வரவேண்டும் என்றார். அது வரும்வரை கிருஷ்ணராஜை முன்னறையில் தங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்தார். தன் வீட்டுச் சோற்றை இருவருக்கும் பகிர்ந்தார். அடுத்த நாள் கிருஷ்ணராஜ் நம்மோடு வேனில் ஏறினார். இன்று இம்மண்டபத்துக்கு விளக்குப் போட்டிருப்பவரும் அவரேதான்.

அன்றே புறப்பட்டுப் போன தாங்கள் விழாவுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தீர்கள் என்றே நினைத்திருந்தோம். அந்த விமானம் பிந்தவேயில்லை என்பது ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நம் ஒலிப்பதிவாளர் தர்மிளா பயிற்சிக்காகப் பிரான்ஸ் போயிருந்தபோது, அந்த விழாக்காரர் ஒருவர் சொன்னாராம். படம் திரையிட்ட அன்று மேடையில் இயக்குநரின் நாற்காலி வெறுமையாக இருந்ததாம். காரணம் சொல்லாமல் வராமல் விட்ட தலைக்கனக்காரி என்று பேசிக்கொண்டார்களாம். அதன்பின் அந்த விழா தங்கள் படம் எதையும் எடுக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் பத்திரிகையில் வரும், கிருஷ்ணராஜின் பெயர் அடிபடும், மறுபடியும் அவரைத் தேடி யாராவது வருவார்கள் என்று அஞ்சி, அந்தப் பழியை வாய் திறவாமல் சுமந்தீர்கள். தர்மிளா திரும்பி வந்து அழுதுகொண்டே கேட்டபோது தாங்கள் சொன்ன பதிலை எங்கள் பிள்ளைகளும் சொல்லிக்கொள்வார்கள்.

"அந்தப் படத்த நான்தான் ஏற்கனவே பாத்துட்டேனே, புள்ள!"

பொறுமையின் புகலிடமே! பெருமையைப் பிறர்க்காகத் துறந்த பெருந்தகையே! தங்களிடம் குறையே இல்லையென்று பாடுவதற்கு நாங்கள் கூலிப் புலவர்கள் அல்லர். தங்கள் பிடிவாதம் உலகறியும். 2001இல் நாங்களே தங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தோம், நினைவிருக்கிறதா?

கொழும்பில் கடைவேலைக்குப் போன மகனின் சாவுச்செய்தி ஒரு தாய்க்கு வரும் காட்சி. வெள்ளையம்மா நடித்தார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அவருடைய சொந்த மகன் கொழும்பிலே பஸ் விபத்தில் இறந்திருந்தான். இந்தக் காட்சி வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றீர்கள். அவர்தான் செய்கிறேன் என்றார். செய்தார். அழுதது நடிப்பில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சரியாக அப்போது இறப்பர்ப்பால் ஏற்றிய லொறி ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. ஒலிப்பதிவு கெட்டது. தாங்கள் கெமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னொரு தடவ" என்றீர்கள்.

கிருஷ்ணராஜ் விளக்குகளை அணைத்தார். "லைட்ட போட மாட்டேங்க" என்றார். தங்களுக்காக உயிரையும் தருவேன் என்று திரிந்த மனிதர்! தர்மிளா ஒலி கேட்கும் காதுக்கருவியைக் கழற்றிக் கீழே வைத்தார். தாங்கள் கோபமாக எழுந்தீர்கள். அப்போது வெள்ளையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"டைரக்டரம்மா, எம்மவன் ஒரு தடவதான் செத்தான்."

தாங்கள் தனியாக நடந்து கீழே போய்விட்டீர்கள். பெட்டியைக் கட்டிவிடுவீர்கள் என்று பயந்தோம். விடிந்ததும் வெள்ளையம்மாவின் லயத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். "தப்பு என்னுது" என்றீர்கள். அவர் உள்ளே போய் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, பால்வெட்டப் புறப்பட்ட அவரோடு மலைக்குப் போனீர்கள். அழுகைக் காட்சி முழுவதையும் எடுத்தெறிந்தீர்கள். மகன் செத்த மறுநாள் காலை, முதுகைக் காட்டியபடி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும் ஒரு தாய்; அது மட்டுமே படத்தில் உண்டு. ருவான்வெல்லைக் கொட்டகையில் பகற்காட்சிக்கு வந்த ஜனம், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும், அந்த முதுகைப் பார்த்து அழுதார்கள்.

இப்படி நான்கு படங்கள்! நான்கிலும் எங்கள் மனிதர்கள் வாய் திறந்து பேசுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், பகிடி பண்ணிச் சிரிக்கிறார்கள். பின்னணியில் வாளியோடு வரிசையாக நடந்தவர்களின் பெயர்கள் தூர தேசத்துத் திரைகளில் எழுத்தாக ஓடின. எழுபதாவது வயதில், மலையேற முழங்கால் மறுக்கிறது, தனித்திருக்கும் தங்கை அழைக்கிறார் என்று சொல்லி, கெமராவையும் விளக்குகளையும் எங்களிடமே ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகிறீர்கள். அடுத்த படத்துக்கு இயக்குநர் தர்மிளா என்று தாங்களே அறிவித்துவிட்டீர்கள். முதல் நாளே வெள்ளையம்மாவோடு அவருக்கு வாக்குவாதம் வந்துவிட்டது என்ற நற்செய்தியையும் இங்கே தெரிவிக்கின்றோம்!

கலையால் எம்மைக் கவர்ந்தவரே! தங்கள் முழங்கால் நோவு தணிக! தங்கையின் வீட்டுத் தோட்டத்தில் வெயில் நிறைக! கண்ணொளியும் கைத்திறனும் குன்றாது, நல்லுடலும் நல்லுறக்கமும் நாளும் வாய்த்து, நூறாண்டும் அதற்கு மேலும் தாங்கள் வாழ்க என இறைவனை இறைஞ்சுகின்றோம்!

அம்மா, மடலில் இல்லாத ஒரு வார்த்தை: நான் இவ்வளவு நேரமும் படித்த செந்தமிழில் பாதி தங்களுக்கு விளங்கியிராது. பக்கத்தில் இருக்கும் வெள்ளையம்மாவிடம் இரண்டு தடவை, "சார் என்னா சொல்றாரு?" என்று கேட்டதை நானும் பார்த்தேன். அவர் இரண்டு தடவையும், "சும்மா இருங்கம்மா, எனக்கும்தான் வெளங்கல" என்றார். ஆகவே, சட்டமிட்டுத் தங்கள் தங்கை வீட்டுச் சுவரில் தொங்கப்போகும் இம்மடலின் கடைசி வரியை மட்டும், எங்கள் எல்லோருக்கும் விளங்கும் தமிழில், வெள்ளையம்மா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன்.

ஒடம்ப பாத்துக்கங்க. போறேன்னு சொல்லக்கூடாது, எங்க ஊர்ல அப்படிச் சொல்ற பழக்கம் இல்லீங்க. போயிட்டு வாங்க.

இங்ஙனம்,
தங்களை என்றும் மறவாத
வெள்ளையம்மா, கிருஷ்ணராஜ், மர்சூக், தர்மிளா, பழனியாண்டி
மற்றும் படக்குழுவினர்
ருவான்வெல்லை