பூசணி என்று சொல்லி மிளகாய் போட்டவர்கள்

தலைமை தாங்கும் விவசாயிகள் சங்கத் தலைவர் அவர்களே! மண்வெட்டி பிடித்துத் தழும்பேறிய கைகளுக்குச் சொந்தக்காரர்களான பெரியோர்களே! களை பறித்த கையோடு ஓடிவந்த தாய்மார்களே! என் பேச்சு எப்போது முடியும், பிஸ்கட் எப்போது வரும் என்று காத்திருக்கும் கடைசி வரிசையே! உங்கள் எல்லோருக்கும் இந்த எளியவளின் வணக்கம்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பேச்சு அப்படியில்லை, கூட்டாமலே வரும்.

இதோ, மாலை போட்ட படத்தில் சிரிக்கிறாரே என் வீட்டுக்காரர், பன்னிரண்டு வருடம் இந்தச் சங்கத்து மைக்கில் வெளிநாட்டுச் சந்தை நிலவரம் வாசித்தவர். எந்த நாட்டில் மழை பொய்த்தது, எந்தத் துறைமுகத்தில் எந்தச் சரக்கு தேங்கியது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்த அடுப்படியில் உப்பு தீர்ந்தது மட்டும் தெரியாது!

போன பருவத்தில் என்ன வாசித்தார்? "வெளிநாட்டுல மிளகாய் விளைச்சல் பாதிதானாம். நல்ல விலை இருக்கு. ஆனா எல்லாரும் அதையே போட்டுடாதீங்க. யார் என்ன போடுறீங்கன்னு வந்து சொல்லுங்க."

வந்தீர்கள். வரிசையாக வந்தீர்கள்.

"நமக்குப் பூசணிங்க அண்ணே."

"எனக்கும் பூசணிதான் மாமா."

மிளகாய் என்று ஒரு வாயாவது சொன்னதா? சொன்னால் பக்கத்து வயல்காரரும் போட்டுவிடுவார் என்ற பயம்! கால் முடியாத மனிதர், வயலைப் போய்ப் பார்க்கவா முடியும்? "பூசணி அளவுக்கு மேல ஆயிடுச்சு, மிளகாய்க்கு நிறைய இடமிருக்கு" என்று வாசித்துவிட்டார்.

வயலெல்லாம் மிளகாய்! வாசலெல்லாம் மிளகாய்! கப்பலுக்குச் சரக்கெடுக்க வந்த ஏஜென்ட் தும்மினார், தும்மினார், தும்மிக்கொண்டே விலையைக் குறைத்தார். பூசணியோ? ஊரில் ஒரு பிஞ்சுகூட இல்லை!

என்ன அங்கே நடு வரிசையில் சிரிப்பு? முதல் பொய்யைச் சொன்னது யார் தெரியுமா? நான்! என் அம்மா கொடுத்த அரை ஏக்கரில் என்ன போடுகிறாய் என்று கேட்டார். "பூசணி" என்றேன். "என் வீட்டம்மா, பூசணி, அரை ஏக்கர்" என்று பெருமையாக மைக்கில் வாசித்தார். மாடியில் நான் மிளகாய் காயவைத்த அன்றுதான் பார்த்தார். திட்டவில்லை. ஒன்றைக் கையில் எடுத்தார்.

"உன் பூசணி ரொம்ப இளைச்சுப் போச்சேம்மா."

அடுத்த மாதம் போய்விட்டார்.

இருங்கள், கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

கடல் தாண்டிய நாட்டு மழையை நமக்கு உண்மையாகச் சொன்ன மனிதருக்கு, மூன்றடி தள்ளிப் படுத்தவள் உண்மை சொல்லவில்லை ஐயா!

இன்று அதே மைக் முன்னால் என்னை உட்காரச் சொல்கிறார் தலைவர். உட்காருகிறேன். ஒரே நிபந்தனை. உலகம் என்ன விதைக்கிறதென்று தெரிந்து என்ன பயன், நாம் என்ன விதைக்கிறோமென்று நமக்கே தெரியாவிட்டால்? நாற்று இன்னும் பாத்தியில்தான் இருக்கிறது, மாற்ற நேரமிருக்கிறது. இந்தப் படத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன். போன வாரம் எல்லோரிடமும் வெண்டை என்றேன். பொய்! மிளகாய்!

யார் அங்கே எழுந்திருப்பது?

"எங்களுதும் மிளகாய்தான்க்கா!"

அட, நீங்களுமா? அந்த ஓரத்தில்? தாய்மார்கள் பக்கம் முழுவதுமா? தலைவரே... நீங்கள் ஏன் கையைத் தூக்குகிறீர்கள்?

சரி. யாராவது ஒருவர் முதலில் மாற வேண்டும். என் அரை ஏக்கரில் இந்தப் பருவம் பூசணி. நம்பாதவர்கள் வயலுக்கே வந்து தட்டிப் பாருங்கள். அவருக்கு நான் சொன்ன பூசணியை இந்த முறை விளைவித்தே காட்டுகிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். கடைசி வரிசைக்குப் பிஸ்கட் வரட்டும்!