கடைசிப் பத்தியில் ஒரு ‘கூடாது’

எழுத்துப்பிழை என்றால் எனக்கு ஆகவே ஆகாது. ஓர் ஒற்று விட்டுப்போனால்கூட மறுபடி போய்த் திருத்திவிட்டு வருவேன். நீங்கள் விசாரிக்கிற அந்த இணையப் பக்கத்தில் ஒரு பிழையும் கிடையாது, திறந்து பாருங்கள்.

இணையத்தில் தேடுகிறவர்கள் கண்ணில் ஒரு பக்கத்தை முதலில் பட வைப்பதுதான் என் வேலை. பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஜனங்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்களோ, அதையே தலைப்பில் வைக்க வேண்டும், முதல் பத்தியில் வைக்க வேண்டும், நடுநடுவே தூவ வேண்டும். அப்புறம், வந்தவரைச் சட்டென்று போகவிடக் கூடாது. அதிக நேரம் படித்தால் நல்ல பக்கம் என்று தேடுபொறி நினைத்துக்கொள்ளும் என்பது எங்கள் அலுவலகத்தின் நம்பிக்கை. “பதிலை மொதல்லயே குடுத்துட்டா, அப்புறம் எவன் உக்காந்து படிப்பான்?” என்பார் மேலாளர். அதனால் பதிலைக் கடைசியில் வைப்பேன்.

கழிவறை கழுவும் திரவம் செய்கிற ஒரு நிறுவனத்தின் இணையதளம் என் கையில் இருந்தது. குழந்தை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கலாமா என்று நிறையப் பேர் தேடுவதைக் கண்டுபிடித்தது நான்தான். அந்தக் கேள்வியையே தலைப்பாக்கினேன். ‘வாந்தி எடுக்க வைக்கலாமா’ ஒன்பது இடங்களில் வந்தது. ‘கூடாது, திரும்பி வரும்போது தொண்டையை மறுபடி பொசுக்கும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்’ என்பது ஒரே இடத்தில், கடைசிப் பத்தியில், பாட்டில் படத்துக்குக் கீழே. மூன்று வாரத்தில் முதலிடம். அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

என் அக்கா அந்தக் கேள்வியைத் தேடியபோது அவள் மகளுக்கு மூன்று வயது.

மருத்துவமனைக்கு நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். “வாந்தி எடுக்க வைக்கச் சொல்லி யாரும்மா சொன்னது?”

“போன்ல போட்டிருந்துச்சு டாக்டர்.”

அவள் நீட்டிய போனை அவர் பார்க்கவில்லை, உள்ளே விரைந்தார். நான் பார்த்தேன். மேலே அந்த நிறுவனத்தின் பச்சைப் பட்டை, அதற்குக் கீழே என் தலைப்பு.

அக்கா உள்ளே போனதும், வராந்தாவில் உட்கார்ந்து என் போனிலிருந்தே கடைசிப் பத்தியை எடுத்து முதல் பத்திக்கு மேலே வைத்தேன். நாலு நிமிடம் ஆனது. அடுத்துத் தேடுகிற தாய்க்காவது உதவட்டும் என்றுதான் செய்தேன். ஓர் ஒற்றுப்பிழையும் கண்ணில் பட்டது, அதையும் சரிசெய்தேன்.

மாலையில் அக்காவின் கணவர் வந்தார். “எங்க அப்படிப் போட்டிருந்துச்சு? காட்டு” என்றார். அக்கா மறுபடி தேடினாள். திரையை வெகுநேரம் பார்த்தாள்.

“மொதல் வரியிலேயே கூடாதுன்னு இருக்குடா தம்பி. நான் எப்படிப் பாக்காம விட்டேன்?”

அவர் எழுந்து வெளியே போனார்.

“பதட்டத்துல யாருக்கும் கண்ணு தெரியாதுக்கா” என்றேன்.

குழந்தைக்கு இன்னும் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அவர் அக்காவோடு பேசுவதில்லை. அக்கா தன் கண்ணையே சபித்துக்கொண்டிருக்கிறாள். குற்ற உணர்ச்சியில் எனக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. ஆனாலும் தினமும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று சொன்னதையே சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறுதல் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.