நூலகப் படிக்கட்டிலிருந்து எடுத்த படங்கள்

கேமரா வாங்கப் போகிறவர்களில் பலர் இருக்கிற பணத்தையெல்லாம் கேமராவிலேயே கொட்டிவிட்டு, லென்ஸ் வாங்கும்போது கையைப் பிசைகிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கேமரா எதற்கு வாங்கினாய் என்பதுதான் நீங்கள் முதலில் கேட்டது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். லென்ஸைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். சத்தம் வரக் கூடாது. பழைய வகைக் கேமராக்களில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஒரு கண்ணாடி எழுந்து விழும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சத்தத்தை முழுக்க அணைத்துவிடலாம். புதியது என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. பழைய கேமராக்கள் விற்கும் கடையில், ஆறு வருடத்துக்கு முந்தைய மாடல் ஒன்று மூலையில் கீறலோடு கிடந்தது. அதற்குப் பொருந்தும் லென்ஸ் இரண்டு இருந்தன. ஒன்று கேமராவோடு வழக்கமாக வரும் சின்ன லென்ஸ். இன்னொன்று தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் நீள லென்ஸ். ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது.

“என்ன சார் எடுக்கப் போறீங்க, பறவையா?” என்றார் கடைக்காரர்.

“மனுஷங்க.”

“மனுஷங்கன்னா சின்னதே போதுமே. இதை வாங்கினா பொண்டாட்டியைப் படம் எடுக்கப் பக்கத்துத் தெருவுல போய் நிக்கணும்.”

“பொண்டாட்டி இல்லை.”

“அப்ப நிம்மதியா எடுங்க” என்று சிரித்தபடி நீள லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. அவரை அலைக்கழிக்க வேண்டாம்.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் வாகன விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவன். மற்றவர்கள் எடுத்துத் தரும் படங்களை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்கு இருபது வருடமாகச் சம்பளம். ஒருவர் அனுப்பிய படத்தில் கார் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நேரில் போனால் இரண்டுக்கும் நடுவே ஒரு லாரியே போகலாம். படத்தில் யாரும் கைவைத்திருக்கவில்லை. வெகு தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்திருந்தார், அவ்வளவுதான். முன்னும் பின்னுமாக இருப்பவை அப்படி எடுத்தால் ஒட்டி நிற்பதுபோலத் தெரியும்.

என் தங்கைக்கு ஒன்பது வயதாகும்போது எங்கள் பெற்றோர் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு. வளர்த்தது, படிக்க வைத்தது, மூன்று வருடத்துக்கு முன் கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் நான்தான். மாப்பிள்ளை எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், அவரும் சரி என்றார். நல்ல மனிதர். இந்த வருடம் அவருக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தது. இரண்டு மாதத்தில் இருவரும் கிளம்புவதாக இருந்தது. தட்டில் பரிமாறிக்கொண்டே தங்கை அதை என்னிடம் சொன்னாள்.

“நீயும் அடிக்கடி வந்துட்டுப் போ அண்ணா. நாலு நாள் லீவு போட்டா உன் ஆபீஸ் ஒண்ணும் இடிஞ்சு விழாது.”

விருந்தாளியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு மாப்பிள்ளைமேல் சந்தேகம் வந்தது. வேலை முடிந்து வீடு வர அவருக்கு நாற்பது நிமிடம் போதும்; ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் பின்தொடர்ந்தேன். முதல் பேருந்தின் கூட்டத்துக்குப் பயந்து, உட்கார இடம் கிடைக்கும் அடுத்த பேருந்துக்காக அவர் காத்திருக்கிறார். நிறுத்தத்தின் இந்த முனையில் உட்காரும் பலகைக்கு அருகே நின்று, போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்த முனையில், தூணருகே, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் நிற்பாள். வேறு ஏதோ அலுவலகம். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை. அத்தோடு என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும் என்பீர்கள். தீர்ந்தது. மறுநாள்தான் கேமரா வாங்கினேன்.

அதே நடைபாதையில், நூறடி தள்ளி, நூலகத்தின் படிக்கட்டு இருக்கிறது. அங்கே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரை யாரும் கவனிப்பதில்லை. இடுப்புக்கு மேல் மட்டும் வரும்படி எடுத்தேன். கால் தெரிந்தால் இடைவெளி தெரிந்துவிடும். பதினோரு நாளில் மூன்று படங்கள் தேறின. மூன்றிலும் மாப்பிள்ளைக்கு வேறு வேறு சட்டை. ஒன்றில் அவள் கைப்பையில் எதையோ தேடத் தலையைச் சாய்க்கிறாள். தலை அவர் தோளில் விழுந்திருக்கிறது. அவர் சிரிக்கிறார். நான் எதையும் திருத்தவில்லை. உங்கள் நிபுணர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

நானாகக் கொண்டுபோய்க் காட்டுவது நன்றாக இருக்காது. தோட்டத்தில் எடுத்த பூக்களைக் கணினிக்கு மாற்றித் தரும்படி மெமரி கார்டைத் தங்கையிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கீழே வந்தாள்.

“அண்ணா, இவ யாரு?”

“லென்ஸைப் பழகிக்கத் தெருவை எடுத்தேன்மா. யாராவது கூட வேலை பாக்கிறவங்களா இருக்கும். நீ கண்டதையும் நினைச்சு மனசைக் குழப்பிக்காதே.”

அன்று மாலை அவள் கேட்டாள். அவர் உண்மையைச் சொன்னார். “இது யாருன்னே எனக்குத் தெரியாது.”

“தோள்ல சாஞ்சுட்டு நிக்கிறா. மூணு நாளா. யாருன்னே தெரியாதா உங்களுக்கு?”

“சத்தியமாத் தெரியாது. மச்சான், நீங்களாவது சொல்லுங்க. நீங்கதானே எடுத்தீங்க?”

“படத்துல இருக்கறதைத்தானே மாப்பிள்ளை நான் சொல்ல முடியும்?”

கூட வேலை செய்பவள், ஏதோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்று ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். தங்கை நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு விட்டிருப்பாள். அவருக்குப் பொய் வராது. எட்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள் மாடியில் அப்படியே கிடந்தன.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் என்னிடம் வந்தார். “இன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்டயே பேசிக் கூட்டிட்டு வர்றேன் மச்சான். அவங்க வாயாலேயே சொல்லட்டும்.”

நல்ல யோசனை என்றேன். அவர் கிளம்பியதும் தங்கையிடம் போய், சாயங்காலம் நிறுத்தத்துக்கு எதிர்ப் பக்கம் நின்று நீயே ஒருமுறை பார்த்துவிடு, எதுவாக இருந்தாலும் தெரிந்துவிடும் என்றேன்.

அன்றுதான் முதன்முறையாக அவர்கள் இருவரும் உண்மையிலேயே பக்கத்தில் நின்று பேசினார்கள். நான் படிக்கட்டில் இருந்தேன். தங்கை எதிர்ப் பக்கம் வந்தாள், பார்த்தாள், திரும்பி நடக்க ஆரம்பித்தாள். அவர் கவனித்துவிட்டார். அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே சாலையில் இறங்கினார். அவருக்குப் பின்னாலிருந்து, அந்த நிறுத்தத்தில் நிற்காத பேருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது.

நீள லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் பேருந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதைக் கணிக்க முடியவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். அந்த லென்ஸில் தூரத்தில் இருப்பதுதான் கிட்டே தெரியும். பேருந்து உண்மையில் இருந்ததைவிட அவருக்கு நெருக்கமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியென்றால் நான் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவே கத்தியிருக்க வேண்டும். நூறடி, என் குரல் எட்டுகிற தூரம்தான். கத்தினால் நிற்பார் என்று தெரிந்தது. நின்றால் அவளிடம் பேசுவார், பேசினால் கிளம்பிவிடுவார்கள் என்றும் தெரிந்தது. நான் கத்தவில்லை. பேருந்து மோதி அவர் இறந்துபோன அந்த நேரத்தில் பதினேழு படங்கள் எடுத்திருப்பதாகவும், ஒன்றில்கூடக் கை ஆடவில்லை என்றும் சொன்னீர்கள். சரிதான்.

தங்கை எழுதிக் கொடுத்ததையும் வாசித்துக் காட்டினீர்கள். அந்த மூன்று படங்களையும் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு பலகைக்கும் தூணுக்கும் நடுவே அடி வைத்து அளந்திருக்கிறாள். பதினான்கு அடி. சரியாக அளந்திருக்கிறாள், நான் வளர்த்த பெண்.

அவருக்கு வேலை கிடைத்த அந்த ஊருக்கே அவள் போய்விட்டாள் என்றும், முகவரியை என்னிடம் கொடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள் என்றும் சொல்கிறீர்கள். கோபத்தில் சொல்லியிருப்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கோபம் நாலு நாளுக்கு மேல் தாங்காது. வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரிவித்துவிடுங்கள். நீங்கள் என்னை அழைக்க வருவதற்கு முன்பே மாடி அறையைக் கழுவித் துடைத்துவிட்டேன். அவருடைய சாமான் ஒன்றுகூட அங்கே இல்லை. வந்ததும் அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.