கட்டைக்கு இந்தப் பக்கம்

முல்லைத்தீவுக் கரையில் நல்ல தேநீர் கிடைப்பது அரிது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு. பேச்சியம்மாவின் தேநீரில் மட்டும் அந்த உப்புத் தெரியாது. மலையகத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். எழுபத்தேழு இனக்கலவரத்தில் உடுத்த துணியோடு வந்து, மணல் மேட்டுக்குப் பின்னால் குடிசை போட்ட எட்டுக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. நான் அளக்கப் போகும் நாட்களில் கேளாமலே கொண்டுவந்து தருவாள். விசாரணை என்று வந்துவிட்டதால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கரையோர ஒதுக்கு நிலத்தில் யாராவது கட்டடம் கட்ட விண்ணப்பித்தால், இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. தங்கராசா தன் ஆறு அறை விடுதியைப் பதினெட்டு அறையாக்கக் கேட்டிருந்தார். மணல் மேட்டை வெட்டினால்தான் அதற்கு இடம் வரும். மேட்டின் பின்னால் ஆட்கள் குடியிருந்தால் அனுமதி கிடையாது. கடல் எதுவரை ஏறுகிறது என்பதையும் மாரி காலத்தில்தான் பார்க்க வேண்டும்.

நான் ஆடியில் அளந்தேன். கடல் அப்போது படுத்துக் கிடக்கும். ‘குடியிருப்பு’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

கைக்கூலி வாங்கினேன் என்று யாரும் சொல்ல முடியாது. என் மனைவி ஞானேஸ்வரி வவுனியாவில் ஆசிரியை. அங்கே போக நான்கு வருடமாக இடமாற்றம் கேட்டு ஓய்ந்துவிட்டேன். என் மகள் என்னைக் கண்டால் தாயின் சேலைக்குள் ஒளிகிறாள். தங்கராசாவுக்கு மேலிடத்தில் செல்வாக்கு உண்டு.

“மாற்றம் என்ர பொறுப்பு. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ,” என்றார்.

குடும்பத்தோடு இருக்க ஆசைப்படுவதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

மேட்டை வெட்டத் தொடங்கியதும் மீன் வியாபாரி மீராசாகிபு குடிசைகளுக்குப் போய், மாரிக்கு முன் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் பயந்துபோய், வெட்டுவதை நிறுத்தக் கேட்டு மனு எழுதுவித்து, எல்லாரும் விரல் அடையாளம் வைத்தார்கள். அது மேலே போயிருந்தால் என்னுடைய ‘இல்லை’ பிடிபட்டிருக்கும். ஆனால் அனுப்புவதற்கு முன் பேச்சியம்மா அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

“கடலைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கையா. நாடா புடிச்சு அளந்தவரு நீங்க. இருக்கலாமா, போயிறலாமான்னு நீங்களே சொல்லுங்க.”

வெள்ளை அடித்த அளவுக் கட்டை ஒன்றை எடுத்துக் குடிசைகளுக்கு முன்னால் அடித்தேன்.

“கடல் இதைத் தாண்டாது. பயப்படாம இருங்கோ.”

பொய் என்று அடிக்கும்போதே எனக்குத் தெரியும். அவள் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மனுவை அடுப்பில் செருகித் தேநீர் போட்டாள். அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் புயல் பட்டப்பகலில் வந்தது. மேட்டை வெட்டிய வழியாகக் கடல் ஏறியது. ஓட நேரம் இருந்தது. உயரமான நிலம் கால் மணி நேர நடைதான். மீனவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பனையைப் பிடித்துத் தப்பிய வீரையா, பேச்சியம்மாவின் கணவர், ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் சொன்னார்.

“தண்ணி கட்டைகிட்ட வந்தப்பவும் யாரும் ஓடலைங்கையா. அவதான் எல்லாரையும் கூப்பிட்டுக் கட்டைக்கு இந்தப் பக்கம் நிக்க வச்சா. ஐயா சொல்லியிருக்காரு, தாண்டாதுன்னு சொன்னா.”

என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “கட்டை சாஞ்சிருச்சுங்க, அதான்,” என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அவளோடு சேர்த்துப் பதினொரு பேரைக் கடல் கொண்டுபோய்விட்டது. என் தாய் செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. இப்போதும் தேநீர் தொண்டையில் இறங்குவதில்லை.

தையில் இடமாற்றக் கடிதம் வந்தது. போவதற்கு முன் விடுதிக்காணியை மறுபடி பார்த்து எழுதித் தரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். குடிசைகள் இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. ‘குடியிருப்பு’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். முதல் அறிக்கையில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.