காட்பாடியில் இருபது நிமிஷம்

திருவண்ணாமலை ஸ்டேஷன் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றிருந்தார்கள். அந்தம்மா கையில் சர்டிபிகேட் ஃபைல் இருந்தது.

“இந்த வண்டி எப்பவும் லேட்டு. காட்பாடியில பெங்களூர் வண்டிக்கு மாற இருபது நிமிஷம்தான் இருக்குது. விட்டுட்டா இண்டர்வியூ போச்சு,” என்றார் புருஷன்.

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. நானும் பயந்துகிட்டு வீட்டுலயே இருந்துட்டேன். அந்த நர்ஸ் வேலை என்னாச்சு?”

அவர் கவுண்டரில் குனிந்து, “பெங்களூருக்கு ரெண்டு,” என்றார்.

“இண்டர்வியூ எனக்குத்தானே? நீங்க எதுக்கு?”

“காட்பாடியில படி ஏறி எறங்கணும். பையை நான் தூக்கிக்கிறேன். நீ ஃபைலை மட்டும் எடுத்துக்கிட்டு முன்னால ஓடு.”

“நான் ஓடுனா உங்களால பிடிக்க முடியாது,” என்று அந்தம்மா சிரித்தார்.