ஜெர்லினிடம் நான்கு சிட்டிங்

பாடுபட்ட சுரூபத்தின்மேல் கை வைத்துச் சொல்கிறேன் சாமி, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நம் கோயிலில் இருப்பதிலேயே நல்ல மின்விசிறி, நீங்கள் உட்கார்ந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் இருப்பதுதான். இறக்கையில் ‘உபயம்: தொம்மினிக் குடும்பத்தார்’ என்று எழுதியிருக்கும். நீங்கள் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்த தவக்காலத்தில், மத்தியான வேளைகளில் நான் உங்கள் இருக்கையில் போய் உட்கார்ந்ததற்கு அந்த விசிறியைத் தவிர வேறு காரணம் இல்லை. கோயில் சாவி வைத்திருக்கிற கிழவனுக்கு அவ்வளவு காற்றுகூட உரிமை இல்லையா என்ன.

என் மருமகள் ஜெர்லினை உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் என் மகன் மார்ட்டினுக்கும் கல்யாணம் மந்திரித்து வைத்தவரே நீங்கள்தான். மனக்கஷ்டத்தில் வருகிறவர்களிடம் பேசிப்பேசியே குணமாக்குகிற படிப்பு அவளுடையது. விஜயராகவன் கட்டடத்தில் கீழே ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு பெட்டி டிஷ்யூ. ஆள் வரத்து இல்லாததால் அந்த டிஷ்யூவை அதிகம் பயன்படுத்தியது ஜெர்லின்தான்.

அந்தச் சமயத்தில் மாடி காலியாயிற்று. விஜயராகவன் வந்து வாசலில் நின்றார்.

“மேடம், ஈஸ்டருக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. மாடி வேணும்னா மொத்தமா எடுத்துக்குங்க. இல்லன்னா கீழயும் சேத்து காலி பண்ணிடுங்க, காப்பிக்கடைக்காரன் கேட்டுகினு இருக்கான்.”

பிரான்சில் இருக்கிற மார்ட்டின் வேறு வாராவாரம் வீடியோவில் வந்து தூபம் போட்டான். “மூடிட்டு இங்க வந்துடு ஜெர்லின். இங்க ஆளுங்க காசு குடுத்து அழுவாங்க.”

“எடுக்கறதா மூட்டையக் கட்டறதான்னே தெரில மாமா” என்றாள் ஜெர்லின், எனக்குச் சோறு போட்டபடி.

அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் ஒரு ஃபிரிட்ஜும்தான் மிச்சம். ஆனால் நான் என்னைப் பற்றி யோசிக்கவில்லை. அங்கே குளிர் அதிகம், அவள் வைக்கிற வஞ்சிரக் குழம்பை அங்கே மதிக்க ஆள் கிடையாது என்று அவளுக்காகத்தான் கவலைப்பட்டேன்.

மறுநாள் விசிறிக்கு அடியில் கண்ணசந்தபோது, கூண்டின் வலைக்கண்ணுக்கு அந்தப் பக்கம் நம் பங்கு அகஸ்டினா வந்து முழங்கால் போட்டுவிட்டார். ஞாயிறு பூசைக்குக் காலாப்பட்டிலிருந்து வந்துபோகிற சாமியார்தான் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டார் போல. நான் சாமியார் என்று சொல்லவே இல்லை. திரை சாத்தியிருந்தது, அவ்வளவுதான்.

“மருமவ அரைச்சி வச்ச மாவுல ஒரு பிடி உப்ப அள்ளிப் போட்டுட்டு, தோச கரிக்குதுன்னு மவன்கிட்ட சொல்லிட்டேன் சாமி. அவன் அவள அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டான்.”

எழுந்துபோனால் பாவம், அந்த அம்மாள் மனம் புண்படும். பாவமன்னிப்பு மந்திரம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்பதும் தெரியும். அதனால் அந்த இடம் வந்தபோது இருமினேன். பிறகு அபராதம் விதித்தேன். ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள்நிறைந்த மந்திரம், ஜெர்லினிடம் நான்கு சிட்டிங்.

“எந்த ஜெர்லின் சாமி?”

“விஜயராகவன் கட்டடம். போன் பண்ணிட்டுப் போங்க.”

ஊரில் பாவத்துக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. அனுப்புகிற இடம்தான் தெரியாமல் இருந்தது. முதல் வாரத்திலேயே ஜெர்லின் டிஷ்யூவை மொத்தக்கடையில் வாங்க ஆரம்பித்தாள். சின்னப் பாவத்துக்கு இரண்டு சிட்டிங், நடுத்தரத்துக்கு நான்கு என்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். தனக்குப் பாவமே இல்லை, சும்மா வழக்கத்துக்கு வந்தேன் என்று ஒரு டீச்சரம்மா சொன்னார். அது அகந்தை. எட்டு.

இதற்குள் சங்கதி வெளியே பரவிவிட்டது. அரிசி மண்டிக் கலியபெருமாள் நெற்றியில் திருநீறோடு வந்து மண்டி போட்டார்.

“நாங்க வேற ஆளுங்க சாமி, பரவால்லியா? எங்கள்ல எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சிக்கணும். வயிறு உப்பிப் போச்சி.”

நான் மதவேறுபாடு பார்ப்பவன் அல்ல. ஆறு கொடுத்தேன்.

தவக்காலத்தின் பாதியில் பாவச் சரக்குக்குக் கொஞ்சம் தட்டுப்பாடு வந்தது. வந்தவர்களே திரும்ப வந்தார்கள். அவர்களிலும் சிலர் ஜெர்லின் கைராசியில் குணமாகித் தொலைந்தார்கள். மாடியை நிரப்ப அது போதாது. அப்போதுதான் தொம்மினிக் வந்தார், விசிறி உபயக்காரர்.

“முப்பது வருஷமா நானும் என் ஊட்டுக்காரியும் ஒரு சண்ட போட்டதில்ல சாமி. அதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்.”

நான் நிதானமாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “அந்தம்மா எதை மறைக்கிறதுக்காக இவ்வளவு பொறுமையா இருக்காங்கன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?”

இப்போது அவர்கள் வீட்டில் இரண்டு அடுப்பு. அவருக்கு ஒரு நாள், அந்த அம்மாளுக்கு ஒரு நாள் என்று தனித்தனியாக சிட்டிங் வாங்கினார்கள். இருவருமே நேரம் தவறாதவர்கள், நல்ல மனிதர்கள். இதைக் கொடுமை என்று சிலர் சொல்லலாம். வைத்தியம் வளரவேண்டுமென்றால் நோயை யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும். அதற்குப் பிறகு சந்தோஷமாக இருக்கிறவர்களை நானே தேடித்தேடிக் கூப்பிட்டேன். தெருவுக்கு ஒரு குடும்பமாவது கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி போதும்.

குருத்தோலை ஞாயிறு வருவதற்குள் ஜெர்லினுடைய வரிசை குருசுக்குப்பம் வரைக்கும் போய்விட்டது. வலையிழுக்கப் போகவேண்டியவர்கள் டோக்கனோடு நின்றார்கள். நோணாங்குப்பத்தில் உல்லாசப் படகுகள் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன, குடும்பத்தோடு உல்லாசமாகப் போக ஒரு குடும்பமும் பேச்சுவார்த்தையில் இல்லை. சென்னை பஸ் கண்டக்டர்கள், “தெரபி வாசல்லாம் எறங்கு” என்று குரல் கொடுத்தார்கள். இதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

“என்னா மாமா ஆச்சி இந்த ஊருக்கு?” என்றாள் ஜெர்லின். “வர்றவங்கல்லாம் சாமி அனுப்புனாருன்னு சொல்றாங்க. அவருக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னே தெரில.” உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி ரம்மில் ஊறவைத்த கேக் ஒன்று என்னிடம் தந்தாள். அதையும் நான்தான் சாப்பிட்டேன். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, சாமி.

ஈஸ்டரன்று வஞ்சிரக் குழம்பு வைத்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

“முடிவு பண்ணிட்டேன் மாமா. மாடிய எடுத்துட்டேன். விஜயராகவன் சார் ஒரே குஷி, அவரும் நாலு சிட்டிங் பாக்கி வச்சிருக்காரு.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னொரு துண்டு மீன் எடுத்துக்கொண்டேன்.

“இங்க பாத்துக்க ரெண்டு பொண்ணுங்கள வச்சிட்டேன், ரெண்டும் கெட்டிக்காரிங்க. தொழில் இப்பிடி ஓடும்னு தெரிஞ்சப்பறம் தைரியம் வந்துடுச்சி மாமா. அடுத்த கிளைய மார்ட்டின் இருக்கற ஊர்ல போடறேன். நம்ம ஜனம் அங்க நெறைய. தமிழ்ல மனசு வுட்டு அழ ஒரு எடம் இல்லாம தவிக்குதுங்க.” பிறகு என் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “நீங்க தனியா இருக்கணும். அது ஒண்ணுக்குத்தான் எனக்கு மனசு கேக்கல. போவாதன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போவல.”

நான் தலையாட்டினேன். சிரித்தேன். தவக்காலத்துப் பழக்கத்தில் வலது கையும் தானாக உயர்ந்து ஆசீர்வாதம் கொடுத்துவிட்டது. அவள் அழுதுகொண்டே என் காலில் விழுந்தாள். அந்த வாரமே டிக்கெட் எடுத்தாள்.

ஆக, குற்றம் நான் செய்ததுதான். உங்கள் இருக்கையில் உட்கார்ந்தேன். ஊரின் பாவத்தையெல்லாம் மருமகள் கடைக்குத் திருப்பிவிட்டேன். பாவம் போதாதபோது நானே உண்டாக்கினேன். எல்லாம் அவள் நன்மைக்காக. ஒரு மனிதர் மனம் விட்டுச் சொல்வதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று அத்தனை பேரும் சொன்னார்கள்.

நீங்கள் வலைக்கண்ணுக்கு அந்தப் பக்கம் வெகுநேரமாக வாயசைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு என்ன அபராதம் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் காட்டிவிடுங்கள் சாமி. இரண்டு காதும் அடியோடு கேட்காமல் போய் எனக்கு ஆறு வருஷம் ஆகிறது.